காயிலா, யூனிட்டா, பேட்டரியா? பைக்கின் சார்ஜிங் பாகங்களைச் சிக்கனமாக வாங்கும் வழி

மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய மின்சாரம் அதன் எஞ்சினுக்குள்ளேயே பிறக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் ஒரு முனையில் கிண்ணம் போன்ற இரும்புச் சக்கரம் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். அதன் உள்சுவரில் காந்தங்கள் பதிந்திருக்கும். பட்டறைகளில் இதன் பெயர் ‘மேக்னெட்’. அந்தக் கிண்ணத்துக்குள் அசையாமல் நிற்கும் தட்டில் செம்புக் கம்பி சுற்றிய பற்கள் வரிசையாக இருக்கும். இது ‘காயில்’ அல்லது ‘காயில் பிளேட்’. எஞ்சின் ஓடும்போது காந்தம் காயிலைச் சுற்றிச் சுழல்கிறது. கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இன்றும் ஒவ்வொரு பைக்கிலும் வேலை செய்கிறது.

காயிலில் பிறப்பது மாறுதிசை மின்சாரம். எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப அதன் வோல்டேஜ் ஏறும், இறங்கும். பேட்டரிக்கு வேண்டியதோ நிலையான, ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நடுவில் நின்று இந்த மாற்றத்தைச் செய்வது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் என்ற அலுமினியப் பெட்டி. மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஆர்.ஆர். யூனிட்’ என்பார்கள். ரெக்டிஃபையர் திசையை நேராக்கும். ரெகுலேட்டர் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும். கடைசியில் இருப்பது பேட்டரி. இந்த நான்கையும் இணைக்கும் வயர்களும் கப்ளர்களும் ஃபியூஸும் சேர்ந்ததுதான் சார்ஜிங் அமைப்பு.

இதில் ஒரு பாகத்தில் உள்ள கோளாறு பெரும்பாலும் வேறொரு பாகத்தில்தான் வெளியே தெரியும். செல்ஃப் அடித்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, ஹார்ன் கம்முகிறது என்றவுடன் பேட்டரியை மாற்றிவிடுவார்கள். காயில் எரிந்திருந்தால் புதிய பேட்டரியும் சில நாளில் இறங்கிவிடும். அடுத்து ஆர்.ஆர். யூனிட்டை மாற்றுவார்கள், அதுவும் பலிக்காது. மூன்றாவதாகத்தான் காயிலைக் கழற்றிப் பார்ப்பார்கள். ஒரு பாகத்தின் கோளாறுக்கு மூன்று பாகத்தின் விலை போயிருக்கும். சிக்கனம் கடையில் பேரம் பேசுவதற்கு முன்பே, கோளாறு எதில் என்று உறுதி செய்வதில் தொடங்குகிறது.

வண்டிக்கு வண்டி அமைப்பு வேறு

பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது ஒற்றை ஃபேஸ் காயில். அதன் மின்சாரத்தில் ஒரு பங்கு நேரடியாக ஹெட்லைட்டுக்குப் போகும். மறு பங்கு பேட்டரியில் ஏறும். ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக ஹெட்லைட் பிரகாசமாவதும், விட்டால் மங்குவதும் இந்த அமைப்பின் அடையாளம். பெரிய வண்டிகளிலும் அண்மைக்கால வண்டிகள் பலவற்றிலும் மூன்று ஃபேஸ் காயில். எல்லா மின்சாரமும் பேட்டரி வழியாகவே போகும். லைட் ஒரே சீராக எரியும். காயிலிலிருந்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று வயர் வெளியே வந்தால் அது மூன்று ஃபேஸ்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இரு சக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரிந்தபடியே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. எல்லாமே மின்சாரத்தை நம்பியவை. பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்து ஓட்டிவிடலாம் என்பது கார்புரேட்டர் காலத்து வசதி. இப்போது சார்ஜிங் கோளாறு வண்டியை நடுவழியில் நிறுத்திவிடக்கூடும்.

ஹோண்டா எஸ்.பி.125 போன்ற சில வண்டிகளில் மின்சாரம் தயாரிக்கும் பாகமே ஸ்டார்ட்டர் மோட்டாராகவும் வேலை செய்கிறது. சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆவதற்குக் காரணம் அதுதான். இத்தகைய வண்டிகளுக்கு வெளிக் காயிலோ வெளி யூனிட்டோ பொருத்திப் பார்க்கும் சோதனை ஆகாது. கம்பெனிப் பொருளே பாதுகாப்பு.

வாங்கும் முன் அளப்பது

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அளக்க வேண்டியதை வரிசைப்படி அளக்க வேண்டும்.

முதலில் பேட்டரி. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, இரு முனைகளுக்கு இடையே அளந்தால், முழு சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6 அல்லது அதற்கு மேல் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று பொருள். கெட்டுவிட்டது என்று இன்னும் பொருள் இல்லை. வெளியே வைத்து முழுக்க சார்ஜ் ஏற்றி, மீண்டும் அளந்த பிறகே தீர்ப்பு. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 10-க்கும் வெகுவாகக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனமானது.

இரண்டாவது, எஞ்சினை ஓட்டியபடி அதே இடத்தில் அளப்பது. ஓரளவு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் காயிலும் யூனிட்டும் நலம். எவ்வளவு திருகினாலும் 12-இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போவதும், பேட்டரி உப்புவதும், அழுகிய முட்டை நாற்றம் வருவதும் இதன் அறிகுறிகள். இந்தச் சோதனையின்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய பட்டறைப் பழக்கம். மின்னணுப் பாகங்கள் உள்ள வண்டியில் அது ஈ.சி.யூ.வையே காவு வாங்கிவிடும்.

மூன்றாவது, காயில். எஞ்சினை நிறுத்தி, காயில் வயர் யூனிட்டோடு சேரும் கப்ளரைப் பிரிக்க வேண்டும். மூன்று ஃபேஸ் காயிலில் எந்த இரு மஞ்சள் வயருக்கு இடையிலும் ஏறத்தாழ ஒரே அளவு மிகக் குறைந்த ஓம், பெரும்பாலும் ஒன்றுக்கும் கீழே, காட்ட வேண்டும். எந்த மஞ்சள் வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் ‘காயில் எர்த் அடிக்கிறது’ என்பார்கள். அந்தக் காயில் போய்விட்டது. ஒற்றை ஃபேஸ் காயிலுக்கு இந்த விதி பொருந்தாது. அவற்றில் பலவற்றில் கம்பியின் ஒரு முனை எர்த்தில்தான் இணைந்திருக்கும். இது தெரியாமல் நல்ல காயிலைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. பிரித்த கப்ளரிலேயே எஞ்சினை ஓட்டி மாறுதிசை வோல்டேஜை அளந்தால், வேகம் கூடக் கூட அது சீராக ஏற வேண்டும். மூன்று ஃபேஸ் காயிலானால் மூன்று ஜோடியிலும் ஒரே அளவு வர வேண்டும்.

காயில் நன்றாக இருந்தும் பேட்டரிக்கு சார்ஜ் வரவில்லை என்றால், மிச்சம் ஆர்.ஆர். யூனிட்டும் இடையில் உள்ள வயரும்தான். யூனிட்டின் வெளியீட்டு வயரில் ஒரு முள்ளும், பேட்டரியின் பாசிட்டிவில் மறு முள்ளும் வைத்து, எஞ்சின் ஓடும்போது அளந்தால் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் மின்சாரம் வழியிலேயே வீணாகிறது. யூனிட் குற்றவாளி அல்ல.

கருகிய கப்ளர்

வழியில் வீணாகும் இடம் பெரும்பாலும் கப்ளர்தான். சீட்டுக்கு அடியிலோ பக்கக் கவருக்குப் பின்னாலோ இருக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் இணைப்பை இழுத்துப் பார்த்தால், ஒரு துளை மட்டும் பழுப்பேறி உருகியிருக்கும். உள்ளே உள்ள பித்தளைப் பின்னில் பச்சை பூத்திருக்கும். மழைநீர் இறங்கி, பின் துருவேறி, தொடர்பு தளர்கிறது. தளர்ந்த இடம் சூடாகிறது. சூடான பின் இன்னும் தளர்கிறது. ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக் உருகி மின்சாரம் அறுந்துபோகும். இதற்கு மருந்து ஒரு புதிய கப்ளரும் நான்கு பின்னும்தான். சார்ஜிங் அமைப்பில் ஃபியூஸுக்கு அடுத்தபடியாக மலிவான பொருள் இது. பேட்டரி முனையின் போல்ட், சேஸிஸில் எர்த் வயர் முறுக்கிய இடம் ஆகியவற்றில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் செலவே இல்லை.

கப்ளரைச் சரிசெய்யாமல் புதிய யூனிட்டை மாட்டினால், அதே உருகிய துளை புதிய யூனிட்டின் பின்னையும் கருக்கும். உதிரிபாகம் ‘மட்டம்’ என்று கடைக்காரர்மேல் வரும் புகார்கள் சிலவற்றின் மூலம் இந்தத் துளைதான்.

மூன்று தரம், மூன்று விலை

எது போனது என்று தெரிந்தபின்தான் கடை. சந்தையில் புதிய பொருள் மூன்று தரத்தில் கிடைக்கிறது.

முதலாவது, வண்டிக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் வரும் ‘ஜெனுயின்’ பொருள். விலை அதிகம், பொருத்தத்தில் சந்தேகம் இல்லை.

இரண்டாவது, அந்தக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் உற்பத்தியாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது. வண்டிக் கம்பெனிகள் காயிலையும் யூனிட்டையும் பெரும்பாலும் தாமே செய்வதில்லை. ஓசூரில் உள்ள இந்தியா நிப்பான் எலக்ட்ரிகல்ஸ் ஃப்ளைவீல் மேக்னெட்டோவும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரும் செய்கிறது. வாரோக், யூனோ மிண்டா போன்ற நிறுவனங்களும் வண்டிக் கம்பெனிகளுக்கு மின்பாகங்கள் தருகின்றன. தம் பெயரிலும் உதிரிபாகச் சந்தையில் விற்கின்றன. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்துப் பார்த்தால், வண்டிக் கம்பெனியின் முத்திரையோடு உற்பத்தியாளரின் முத்திரையும் பல நேரங்களில் தெரியும். அந்த உற்பத்தியாளரின் பெட்டியைக் கேட்டு வாங்கினால், தரம் குறையாமல் விலை குறையும். இடைத்தர விலையில் தேடுபவருக்கு இதுவே சிறந்த வழி.

மூன்றாவது, கடைகளில் ‘லோக்கல்’ எனப்படும் பொருள். இதில் ஓரளவு நம்பத்தக்கவையும் உண்டு. ஆறு மாதம் தாங்காதவையும் உண்டு. காயிலில் பார்க்க வேண்டியது கம்பி. செம்புக்குப் பதில் அலுமினியத்தில் செம்பு பூசிய கம்பியைச் சுற்றிய காயில், கையில் எடுத்தாலே எடை குறைவாக இருக்கும். கம்பியின் வெட்டு முனையைச் சுரண்டினால் செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளை தெரியும். யூனிட்டில் பார்க்க வேண்டியது அலுமினிய உடலின் கனமும் அடிப்பக்கத்தில் ஊற்றிய எபாக்ஸியும். வெப்பத்தை வெளியேற்ற முடியாத மெல்லிய உடல் சீக்கிரம் வெந்துவிடும்.

இந்த மூன்றிலும் சேராதது ‘டூப்ளிகேட்’: கம்பெனிப் பெயரையே திருடி ஒட்டிய போலி. 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி இதைச் செய்வதும் விற்பதும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பெட்டியில் உற்பத்தியாளர் முகவரி, மாதம்-ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்கின்றனவா, பாக எண் பெட்டியிலும் பொருளிலும் ஒன்றாக உள்ளதா என்று பார்ப்பதே எளிய பரிசோதனை. அச்சிட்ட விலையில் பாதிக்கு ‘கம்பெனி அயிட்டம்’ கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுவதே நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலை அச்சிட்ட பெட்டி கடையில் கிடந்தால் இதை நினைவில் வைத்துப் பேசலாம். மின்பாகங்களைத் திரும்பப் பெறுவதில்லை என்று பல கடைகளில் பலகையே தொங்கும். ஆகவே பில் இல்லாமல் வாங்கும் மலிவு மலிவல்ல.

பாக எண்ணே முகவரி

‘ஸ்பிளெண்டர் காயில்’ என்று கேட்பது, தெருப் பெயர் இல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் சொல்வது போன்றது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் வந்த வண்டியில் காயில் பலமுறை மாறியிருக்கும். வண்டிக் கம்பெனியின் உதிரிபாகப் பட்டியலில் அந்த ஆண்டு மாடலுக்கு உரிய பாக எண் இருக்கும். சர்வீஸ் சென்டரின் உதிரிபாகக் கவுண்டரில் கேட்டாலும் சொல்வார்கள். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால், அதே எண் கொண்ட பாகம் வேறு எந்த மாடலுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும். ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த மாடல்களுக்குள் பாகங்கள் பொதுவாக இருப்பதுண்டு. அதிகம் விற்கும் மாடலின் பெயரில் கேட்டால் எளிதில் கிடைக்கும்.

எண் கிடைக்காதபோது பழைய பாகத்தையே கையோடு கொண்டுபோவது நல்லது. காயிலில் பற்களின் எண்ணிக்கை, வயர்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடைவெளி, ஸ்பார்க் நேரத்துக்குச் சிக்னல் தரும் ‘பல்சர் காயில்’ இருக்கும் இடம் ஆகியவை ஒத்துப்போக வேண்டும். யூனிட்டில் ஒற்றை ஃபேஸா மூன்று ஃபேஸா, ஹெட்லைட்டுக்குத் தனி வயர் உண்டா, கப்ளரில் எந்தப் பின் எதற்கு என்பவை ஒன்றாக இருக்க வேண்டும். கப்ளர் பொருந்திவிட்டதாலேயே யூனிட் பொருந்தியதாக ஆகாது. பின் வரிசை மாறியிருந்தால் சாவி போட்ட கணத்தில் ஃபியூஸ் போகும்.

மேக்னெட்டில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மேக்னெட்டின் வெளிப்புறத்தில் உள்ள பற்களை எண்ணித்தான் ஈ.சி.யூ. எஞ்சினின் நிலையை அறிகிறது. கார்புரேட்டர் மாடலின் மேக்னெட் அதே ஷாஃப்டில் அழகாக உட்காரும்; வண்டி ஸ்டார்ட் ஆகாது.

காயில் கட்டுவது

புதிய காயிலின் விலை கட்டுப்படியாகாதவர்களுக்கும், உற்பத்தி நின்றுபோன வண்டி வைத்திருப்பவர்களுக்கும் உள்ள வழி ‘காயில் கட்டுவது’. யமஹா ஆர்.எக்ஸ்.100 போல 1990-களிலேயே நின்றுபோன வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு இந்தத் தொழிலாளர்களும் ஒரு காரணம். மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காயில் கட்டும் கடைகளில் சிலர் பைக் காயிலும் கட்டித் தருவார்கள்.

எரிந்த காயிலின் கருகிய கம்பியை முதலில் அறுத்து எடுப்பார்கள். எடுக்கும்போதே ஒரு பல்லில் எத்தனை சுற்று, எந்தத் திசையில், எந்தப் பல்லிலிருந்து எதற்குத் தாவுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். கம்பியின் தடிமனை கேஜில் அளப்பார்கள். இரும்புப் பற்களைச் சுத்தம் செய்து, காப்புப் பூச்சு உரிந்த ஓரங்களில் காப்புத்தாள் வைத்து, புதிய எனாமல் கம்பியைக் கையாலேயே இறுக்கிச் சுற்றுவார்கள். கடைசியில் வார்னிஷில் நனைத்துச் சூட்டில் உலர்த்துவார்கள். ஒரு சுற்று தளர்ந்தாலும் எஞ்சின் அதிர்வில் கம்பிகள் உரசி எனாமல் தேய்ந்துவிடும்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு. கம்பி 180 டிகிரி செல்சியஸ் தாங்கும் ‘எச்’ வகுப்பைச் சேர்ந்ததா என்பது ஒன்று. எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி இருக்கும் காயிலானால் வார்னிஷ் ஆயிலைத் தாங்குமா என்பது மற்றொன்று. இரண்டும் சரியாக இருந்தால் கட்டிய காயில் பல ஆண்டு உழைக்கும்.

பழைய பொருள் வாங்கலாமா?

சென்னையில் கூவம் ஆற்றை ஒட்டிய புதுப்பேட்டை, கழற்றிய வண்டிகளின் பாகங்களுக்குப் பேர்போன இடம். புதிய உதிரிபாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. வியாபாரிகள் வாயில் அது ‘ஜி.பி. ரோடு’. டெல்லியில் கரோல் பாக் பைக் பாகங்களுக்கு அப்படி ஒரு சந்தை. இத்தகைய சந்தையில் சார்ஜிங் பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

மேக்னெட் எளிதில் கெடாத பொருள். காந்தம் பெயராமல், விரிசல் இல்லாமல், நடுவில் உள்ள கூம்புத் துளையும் சாவித் தடமும் தேயாமல் இருந்தால் பழையதையே தயங்காமல் வாங்கலாம். புதியதன் விலையோடு ஒப்பிட்டால் மிச்சமும் இதில்தான் அதிகம். காயிலைக் கடையிலேயே மல்டிமீட்டரில் அளந்து, எல்லாப் பற்களும் ஒரே நிறத்தில் இருந்தால் வாங்கலாம். சில பற்கள் மட்டும் கருத்திருந்தால் வேண்டாம். ஆர்.ஆர். யூனிட்டுக்குள் இருக்கும் பாகங்கள் எவ்வளவு வெந்திருக்கின்றன என்பதை வெளியிலிருந்து அறிய முடியாது; பழைய யூனிட் வாங்குவது சூதாட்டம். பழைய பேட்டரி வாங்கவே கூடாது.

பழைய பொருளுக்கும் சீட்டு வாங்க வேண்டும். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தும் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம்.

பேட்டரி வாங்கும்போது

பேட்டரியில் முதலில் பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி. 100 சிசி வண்டிகளில் 2.5, 3, 4 என்ற சிறிய அளவுகளே இருக்கும். செல்ஃப் உள்ள பழைய பெரிய புல்லட்டுகளில் 14 வரை போகும். பெரிய பேட்டரி வைத்தால் அதிகம் சார்ஜ் ஏறும் என்பது தவறான நம்பிக்கை. காயில் தருவதைத்தான் பேட்டரி சேமிக்க முடியும். தயாரிப்புத் தேதி அண்மையதா என்றும் பார்க்க வேண்டும். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி பாதி ஆயுளை அங்கேயே இழந்திருக்கலாம். வாரன்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் வாங்கிக்கொள்வது அவசியம்.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். உள்ளே உள்ள ஈயத்துக்கு மதிப்பு உண்டு. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அவற்றைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பும் உற்பத்தியாளர்களுக்கு இருக்கிறது. காயலான் கடைக்குப் போடுவதைவிட பேட்டரிக் கடையில் மாற்றிக்கொள்வது லாபமும் நல்லதும்.

மாட்டும் செலவும் கணக்கில் வேண்டும்

காயிலை மாற்ற மேக்னெட் கவரைத் திறக்க வேண்டும். அதன் பேக்கிங் பெரும்பாலும் கிழிந்துவிடும். ஆயிலில் இயங்கும் காயிலானால் எஞ்சின் ஆயிலும் வடியும். பேக்கிங், ஆயில், கூலி மூன்றையும் சேர்த்தால்தான் உண்மையான செலவு. ஆகவே ஆறு மாதத்தில் போகக்கூடிய மலிவுக் காயிலுக்கு இந்தச் செலவை இரண்டு முறை செய்வது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. யூனிட்டும் பேட்டரியும் வெளியே இருப்பவை. அவற்றை மாற்ற இந்தச் செலவு இல்லை. மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் இருக்கிறது. சுத்தியலால் தட்டினால் காந்தம் பெயர்ந்து, கெடாத பாகமும் வாங்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடும்.

கூடுதல் லைட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பைக்குகளில் இருப்பது ‘ஷண்ட்’ வகை ரெகுலேட்டர். தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தை அது காயிலுக்கே திருப்பிக் குறுக்கிணைத்து விடுகிறது. அதனால் லைட்டைக் குறைத்தாலும் காயிலின் சூடு குறைந்துவிடாது. மறுபக்கம், காயிலின் திறனுக்கு மேல் ஃபாக் லைட்டுகளை மாட்டினால் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். பாகம் எதுவும் கெடாமலேயே ‘சார்ஜ் ஏறவில்லை’ என்ற புகார் வரும்.

புதிய யூனிட்டை அதன் பழைய இடத்திலேயே, காற்றுப் படும்படி, துரு சுரண்டிய உலோகப் பரப்பில் இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளக்க வேண்டியது மீண்டும் அதே அளவுதான்: எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, பேட்டரி முனைகளில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையில். அந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் பழைய பாகத்தைக் குப்பையில் போட வேண்டும்.